ஊர் தாடி வளர்த்த கோடை

சலூன்காரருக்குக் கை நடுங்கத் தொடங்கி ஆறு மாதமாகிறது. அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது எதிர்க்கடைதான். கடை என்று அவர் ஒருவர்தான் சொல்வார். மற்றவர்களுக்கு அது கிளினிக்.

சண்டை ஓய்ந்த பிறகும் பஸ் திரும்பி வராத பஸ் டிப்போவில், வெள்ளை வண்டிகளில் வந்து இறங்கிய மருத்துவக் குழு ஒன்று அதை நடத்திக்கொண்டிருந்தது. டிக்கெட் கொடுத்த ஜன்னலில் மாத்திரை கொடுத்தார்கள். டயர் கழற்றும் கொட்டகையில் புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். கடைசி அறைக் கதவில் ‘கண்டக்டர்கள் ஓய்வறை’ என்ற எழுத்து அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. போகிறவர்கள் பேசுவார்கள், அவர் கேட்பார். ஊர் ஒரு வாரம் யோசித்துவிட்டு அவருக்குக் ‘கேக்குறம்மா’ என்று பெயர் வைத்தது.

பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்களோ என்ற பயத்தில், ஆரம்பத்தில் எல்லாரும் பிரஷர் பார்க்கத்தான் போனார்கள். வரிசையில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, ஓணான் மாதிரி சட்டென்று கடைசி அறைக்குள் நழுவுவார்கள். இதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. சலூன்காரரின் கண்ணாடியில் டிப்போ வாசல் முழுசாகத் தெரியும். முட்டைக்காரர் நாற்பது நிமிடம். பள்ளிக்கூட வாட்ச்மேன் ஒரு மணி நேரம், அதுவும் வெளியே வரும்போது மூக்கைச் சிந்திக்கொண்டு. இருபது வருடமாகச் சலூன்காரரின் நாற்காலியில் சாய்ந்து, மாமியார் சண்டையிலிருந்து மூலநோய் வரைக்கும் ஒளிவுமறைவில்லாமல் சொன்ன மனிதர் அவர்.

“என் நாற்காலில உக்காந்து பேசாத எதைப் போயி அங்க பேசுறானுங்க?” என்று மனைவியிடம் பொருமினார்.

மனைவிக்கு வேலையே டிப்போவில்தான். கட்டுத்துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் கொதிநீரில் போட்டு அலசி, பஸ் நின்ற இடத்தில் கொடி கட்டிக் காயவைப்பாள்.

“உங்க நாற்காலில உக்காந்தா நீங்கல்ல பேசுவீங்க. அவங்க எப்பப் பேசுறது?” என்றாள்.

நடுக்கத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சீப்பும் கத்தரியும் பிடிக்கும்போது விரல்கள் பழையபடி சொன்ன பேச்சைக் கேட்டன. சவரக்கத்தியை விரித்தால் மட்டும், மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்து முழங்கைவரை ஆடும். ஆகவே, பாதை மூடிக் கிடப்பதால் பிளேடு வரவில்லை என்று சொல்லிவைத்தார். பாதை திறந்தது. பக்கத்துப் பலசரக்குக் கடையில் பிளேடு சரம் சரமாகத் தொங்கியது. அப்போதும் பிளேடு வரவில்லை என்றார். கேட்டவர்கள் அந்தச் சரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, “அப்படியா, வரட்டும் வரட்டும்” என்று போய்விட்டார்கள்.

முதல் தாடி அவருடைய மச்சினனுடையது. மனைவியின் தம்பி, மின்கம்பம் ஏறுகிற லைன்மேன். சண்டையின்போது சலூன் பக்கத்தில் குண்டு விழுந்த அன்று நாற்காலியில் இருந்தவன் அவன்தான். ஜன்னல் கண்ணாடி உடைந்து கன்னத்தைக் கிழித்துவிட்டது என்று ஊருக்கே தெரியும். கட்டுப் பிரித்த மறுநாள் டீக்கடையில் வைத்து, “எங்க மாமா மறுபடியும் கத்தி பிடிக்கிற வரைக்கும் என் மூஞ்சில வேற கத்தி படாது. உங்க இஷ்டம் உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தான்.

இப்படிச் சொன்ன பிறகு எவன் மழமழவென்று முகத்தை வைத்துக்கொண்டு சலூன் வழியாக நடப்பான்? ஊரில் ஒவ்வொரு கன்னமாகக் கறுத்தது. அந்த வருடக் கோடையோ சாதாரணக் கோடை இல்லை. தகரக் கூரையெல்லாம் மத்தியானம் படபடவென்று வெடித்தது. புழுதிக்காற்று தாடிக்குள் புகுந்து வேர்வையோடு களியானது. ஆண்கள் சொறிந்துகொண்டே வியாபாரம் பார்த்தார்கள், சொறிந்துகொண்டே சண்டை போட்டார்கள். பெண்கள் பேன் சீப்பை எடுத்துக்கொண்டு விரட்டினார்கள். தபால்காரர் மட்டும் ஒருநாள் பொறுக்க முடியாமல் வீட்டிலேயே மழித்துவிட்டு, பல்வலி என்று முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு வாரம் தபால் கொடுத்தார். கிளினிக் டாக்டர் வெளியூர்ப் பையன், நல்ல பையன். இந்த ஊர் ஆண்கள் துக்கத்துக்குத் தாடி வளர்ப்பார்கள் என்று தன் நோட்டில் எழுதிவைத்து, மரியாதைக்குத் தானும் ஒரு தாடி விட்டார்.

விஷயம் தெரியாத ஒரே ஆள் சலூன்காரர். தாடிகளைப் பார்த்தும், வெயிலுக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆள் வராததற்குக் காரணம் எதிர்க்கடை என்று தீர்மானித்துவிட்டார். ஒரு புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டு வேவு பார்க்கப் போனார். தலைவலி என்று சொல்லிக்கொண்டார்.

அறையில் ஒன்றுமேயில்லை. ஒரு மேசை, ஒரு மண்பானை, பஸ்ஸிலிருந்து கழற்றிப் போட்ட இரட்டை இருக்கை, எதிரில் ஒரு மர நாற்காலி. கேக்குறம்மா தலைவலியைப் பற்றி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். சலூன்காரர் ஐந்து நிமிடம் தாங்கினார். அதற்கு மேல் தொழில் தெரிந்தவரால் சும்மா இருக்க முடியவில்லை.

“அம்மா, தப்பா நினைக்கக் கூடாது. உக்கார வச்சிருக்கிற விதமே சரியில்ல. இப்படி மூஞ்சிக்கு மூஞ்சி பாத்தா எவன் வாயைத் திறப்பான்? என் கடையில அவனும் கண்ணாடியைப் பாப்பான், நானும் கண்ணாடியைப் பாப்பேன். அவன் அவன்கிட்டயே பேசுற மாதிரி இருக்கும். நான் நடுவுல கேட்டுக்கிட்டா உண்டு.”

அடுத்த வாரம் போனபோது மர நாற்காலி இடம் மாறியிருந்தது. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்கிற மாதிரி, பக்கத்தில் பக்கத்தில். ஜன்னலுக்கு வெளியே அவர் மனைவி அலசிப்போட்ட வெள்ளைத் துணிகள் காற்றில் ஆடின. சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மற்றபடி எல்லாம் எப்படியிருக்கிறது என்று மேற்பார்வை பார்க்க அதற்கடுத்த வாரமும் போனார். தூக்கம் வருவதில்லை, கதவு அடித்தால் நெஞ்சு அடைக்கிறது என்பதையெல்லாம் மேற்பார்வைக்கு நடுவே சொன்னார். தான் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. டிப்போ வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

நாலாவது வாரம் கேக்குறம்மா அப்பாவியாக ஒன்று கேட்டார். “உங்க ஊர்ல இந்தத் தாடி எத்தனை மாசம் வைக்கணும்? டாக்டர் தம்பிக்கு ரொம்ப அரிக்குதாம். எப்ப எடுக்கலாம்னு கேட்டாரு.”

“என்ன தாடி?”

“துக்கத்துக்கு எல்லாரும் விட்டிருக்காங்களே.”

“எங்க ஊர்ல அப்படி ஒரு பழக்கமே கிடையாதேம்மா” என்றார் சலூன்காரர். சொன்ன வாய் மூடவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வேகாத வெயிலில், வரிசையில் பதினைந்து ஆண்கள் நின்றிருந்தார்கள். பதினைந்து பேரும் சொறிந்துகொண்டிருந்தார்கள். முட்டைக்காரர் இருந்தார், வாட்ச்மேன் இருந்தார், பலசரக்குக் கடைக்காரர் இருந்தார். தன் கடையில் பிளேடு சரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு தொப்புள் அளவுக்குத் தாடி வளர்த்திருந்தார் அந்த மனிதர்.

சலூன்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எந்தக் கன்னத்தில் எங்கே சுழி, எங்கே மரு, எது மேல் நோக்கி இழுத்தால் எரியும் என்று ஒவ்வொன்றும் அவர் விரலுக்குத் தெரியும். இத்தனை பேரும் ஆறு மாதமாகத் தன் பொய்க்குப் பந்தல் போட்டு, அந்தப் பந்தலுக்குள் தாங்களே வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவன்கூட வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஊரிலா? பக்கத்து வீட்டில் உப்பு தீர்ந்தால் நாலாவது தெருவில் தெரிகிற ஊரிலா?

தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். கேக்குறம்மா பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்தார். சலூன்காரர் துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

“கண்ணாடி உடைஞ்சது அப்புறம்தாம்மா. சத்தம் கேட்டதுமே என் கை இழுத்திடுச்சு. மச்சினனுக்குக் காதுகிட்டருந்து தாடை வரைக்கும். கண்ணாடி கிழிச்சிருச்சுன்னு அவன்தான் சொன்னான். ரத்தத்தோட தரையில கிடந்துக்கிட்டு, தூக்க வந்தவங்ககிட்ட முதல் வார்த்தையே அதுதான் சொன்னான். நானும் ஆமான்னேன். அவன் அக்காகிட்டயும் ஆமான்னுட்டேன்.”

அது உங்கள் தப்பில்லை, கவலைப்படாதீர்கள் என்றெல்லாம் கேக்குறம்மா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சலூன்காரர் எழுந்து போயிருப்பார்.

“இப்ப எந்தச் சத்தத்துக்குக் கை நடுங்குது?” என்று கேட்டார். “குண்டு மாதிரி சத்தத்துக்கா?”

“கத்தி விரிக்கிற சத்தத்துக்கு.”

“அது சின்னச் சத்தம்தானே. அதுலேருந்து ஆரம்பிக்கலாம். உங்க தொழில்ல புதுசா வர்றவங்களுக்கு எப்படிக் கத்தி பழக்குவீங்க?”

பலூனை ஊதி, சோப்பு நுரை தடவி, உடையாமல் வழிக்கச் சொல்வோம் என்றார் சலூன்காரர். பலூனுக்கு எங்கே போவது? கேக்குறம்மா எழுந்துபோய், தேதி தாண்டிப்போன கையுறைப் பெட்டி ஒன்றை நர்ஸிடமிருந்து வாங்கிவந்தார். ஊதினால் ஐந்து விரலும் பசுமடி மாதிரி விறைத்து நின்றது. பார்த்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரிப்பு அதோடு சரி. முதல் நாள் மூன்று கையுறை வெடித்தது. மூன்று தடவையும் சலூன்காரர் மேசைக்கடியில் இருந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. கேக்குறம்மாவும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, இப்போது எங்கே இருக்கிறீர்கள், கண்ணுக்கு என்ன தெரிகிறது, சொல்லுங்கள் என்பார். கண்டக்டர் ரூம், மேசைக்கால், உங்க செருப்பு, அதுல ஒரு வார் அறுந்திருக்கு என்று இவர் மூச்சிரைக்கச் சொல்வார். மூச்சு அடங்கியதும் அடுத்த கையுறையை ஊதுவார்கள். இரண்டு வாரத்தில் பதினெட்டுக் கையுறை தீர்ந்தது. உடையாமல் பிழைத்தவை நாலு. உள்ளே என்ன டமார் டமார் என்று வெடிக்கிறது என்று பிரஷர் வரிசையில் பெரிய ஆராய்ச்சியே நடந்தது.

மனைவியிடம் மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று கேக்குறம்மாவிடம் ஆறு நாளாக வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நிலையில்தான் மச்சினனுக்குக் காய்ச்சல் வந்தது.

தாடிக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு வாரமாகக் கன்னம் வலித்திருக்கிறது, வேர்க்குரு என்று சொல்லிக் கம்பம் ஏறியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது கண் பாதி மூடிப்போய்விட்டது. அக்காக்காரி தொட்டுப் பார்த்து, காதைப் பிடித்துத் திருகாத குறையாக டிப்போவுக்கு இழுத்துப்போனாள். டாக்டர் விரலால் அமுக்கியதும் கொட்டகை அதிரக் கத்தினான். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, கண்ணை நோக்கி ஏறுகிறது, இன்றைக்கே வெட்டி எடுக்காவிட்டால் கண்ணுக்கு மட்டுமல்ல உயிருக்கே ஆபத்து, உடனே தாடியை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நர்ஸ் பிளேடோடு வந்தாள். மச்சினன் இரண்டு கையாலும் தாடியைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் தணிந்த குரலில், துக்கம் முடியாமல் எடுப்பது கஷ்டம்தான், ஆனால் உங்கள் பெரியவர்கள் யாரிடமாவது கேட்டு அனுமதி வாங்கலாமா என்றார்.

“என்ன துக்கம்? யாருக்குத் துக்கம்?” என்றாள் அக்கா.

“எங்க மாமா வரட்டும்” என்றான் மச்சினன். காய்ச்சலில் பல் கிட்டித்தது. “நர்ஸம்மா எடுத்தா எங்க மாமா இனிமே ஜென்மத்துக்கும் கத்தியத் தொடமாட்டாரு. அக்கா, போய்க் கூட்டிட்டு வா.”

அவள் ரோட்டைத் தாண்டி ஓடினாள். செருப்பு ஒன்று நடு ரோட்டிலேயே கிடந்தது. சலூன் வாசலில் நின்று, மூச்சு வாங்க, விஷயத்தைச் சொன்னாள். கண் வரைக்கும் வீங்கிப்போச்சு, நீங்க வந்து எடுத்தாத்தான் எடுப்பானாம், வருவீங்களா மாட்டீங்களா என்றாள். சலூன்காரர் எதுவும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து கத்தியும் பிரஷ்ஷும் கிண்ணமும் எடுத்து, ஒரு புது பிளேடைப் பிரித்து மாட்டினார். மாட்டும்போதே கை ஆட ஆரம்பித்துவிட்டது.

ரோட்டைக் கடக்கும்போது டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது. ஒருவரும் எழுந்து வரவில்லை. அவர் நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஊர் தெருவில் நடப்பதன் பின்னாலேயே ஓடாமல் உட்கார்ந்திருந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

கொட்டகையில் மச்சினன் சாய்ந்திருந்தான். தலைமாட்டில் டாக்டர், நர்ஸ். கேக்குறம்மா செய்தி கேட்டு வந்து தூணோரம் நின்றிருந்தார். சலூன்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்துத் திரும்பினார்.

“தாடி எடுத்தா நீயே பாத்துருவ. அதனால முன்னாடியே சொல்லிடுறேன். அன்னைக்குக் கண்ணாடி கிழிக்கல. என் கத்திதான்.”

மச்சினன் ஒரு கண்ணால் மாமாவை முறைத்தான். அக்கா தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஓடியதையெல்லாம் சொல்வதென்றால் அதுவே ஒரு கதையாகும்.

“முதல்ல எடுங்க” என்றாள். “உங்க ரெண்டு பேரையும் அப்புறம் வச்சுக்குறேன்.” வெந்நீர் கொண்டுவரப் போனாள்.

கத்தரியால் ஒட்ட வெட்டினார். வெந்நீர்த் துணியால் ஒற்றி, நுரை தடவினார். கத்தியை விரித்தார். முழங்கைவரை ஆடியது. மடக்கினார். கண்ணை மூடி மூச்சை விட்டு, மறுபடி விரித்தார்.

“ஆடுனா ஆடட்டும் மாமா” என்றான் மச்சினன், நுரைக்குள்ளிருந்து. “குண்டு விழுந்ததுலருந்து கம்பத்து உச்சிக்குப் போனா எனக்கும்தான் கால் ஆடுது. ஊருக்குக் கரண்டு வராமலா போச்சு?”

“வாயை மூடு மாப்ளே. தாடை அசையுது.”

முதல் இழுப்பு அரை விரல்கடை. இரண்டாவதும் அவ்வளவுதான். இழுப்புக்கு இழுப்பு கத்தியை மடக்கி, மூச்சை விட்டு, திரும்ப விரித்தார். டாக்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார், மூன்றாவது தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். சாதாரணமாக நாலு நிமிட வேலை. இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஒரு பொட்டு ரத்தமில்லை.

டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தார். காதோரத்திலிருந்து தாடைக்கு நேராக ஒரு வெளிர்க் கோடு ஓடியது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, கன்ன எலும்புக்குக் கீழே, நட்சத்திரம் மாதிரி கோணலாக ஒரு வடு. வீக்கமும் சிவப்பும் அதைச் சுற்றித்தான்.

“இது ரெண்டு காயம்” என்றார் டாக்டர். “கோணலா இருக்கிறதுதான் சீழ் வச்சிருக்கு. உள்ள என்னமோ மாட்டியிருக்கு.”

மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, சீழை வடித்து, இடுக்கியை விட்டு எடுத்தார். பருப்பளவு கண்ணாடித் துண்டு. தட்டில் போட்டபோது டிங்கென்று சத்தம் வந்தது.

“அப்ப இந்த நேர்க்கோடு?” என்று கேட்டார் சலூன்காரர். விரலை அதற்கு நேரே நீட்டினார். “இதுனால ஒண்ணும் இல்லையா டாக்டர்?”

டாக்டர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னார். “இது ஆறி ரொம்ப நாளாச்சு. அன்னைக்கு இருந்த நிலைமைல, அவசரத்துல போட்ட தையலுக்கு, இவ்வளவு நல்லா ஆறுறது ஆச்சரியம்தான். கத்தி ரொம்பச் சுத்தமா இருந்திருக்கு.”

முப்பது வருடத் தொழிலில் சலூன்காரரை எத்தனையோ பேர் பாராட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு மீசை ஒதுக்கியதற்கு, பரீட்சைக்குப் போகிறவனுக்குக் கிராப்பு வெட்டியதற்கு. எதற்கும் அவர் அப்படித் தேம்பித் தேம்பி அழுததில்லை. தூணோரம் நின்ற கேக்குறம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டார். சலூன்காரர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு கையில் கத்தி இருந்ததால் கும்பிடு கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

“ரெண்டு பேரு சொன்னதும் உண்மைதான்” என்றாள் மனைவி. ஒரு கையால் கண்ணையும், மறு கையால் தம்பி முகத்து நுரையையும் துடைத்தாள். “ரெண்டு பேரும் சேந்து ஆறு மாசம் என்னை முட்டாளாக்குனதும் உண்மைதான்.”

கட்டுப் போட்டு, மருந்து ஏற்றி, இனி பயமில்லை, ஒரு மணி நேரம் அசையாமல் கிடக்கட்டும் என்றார் டாக்டர். சலூன்காரர் கிண்ணத்தில் புது நுரை அடிக்க ஆரம்பித்தார். அந்தப் பக்கம் தேவையில்லை, இந்தக் கன்னம் மட்டும் போதும் என்று டாக்டர் தடுத்துப் பார்த்தார்.

“உங்களுக்குப் போதும் சார். பாதி மூஞ்சியோட என் கையிலருந்து இதுவரைக்கும் எவனும் எந்திரிச்சுப் போனதில்ல” என்றார்.

வலது கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுத்திருப்பார். மச்சினனின் மூச்சு மாறியது. வலி இறங்கிய அலுப்பா, மருந்தின் மயக்கமா தெரியாது, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடத் தொடங்கிவிட்டான். தலை கனத்துச் சரிந்தது. சலூன்காரர் அதை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். டிப்போ வாசலில் எட்டிப் பார்த்த கூட்டத்தைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று கண்ணாலேயே அதட்டினார். வலது கை இன்னும் கொஞ்சம் ஆடியது. அது ஆடி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த இழுப்பை இழுத்தார்.